குப்பிக்குள் இருக்கும் சாட்சி

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி வாரம். வெள்ளகோவிலில் கரூர் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில், விசைத்தறியில் இரவு வேலை முடித்து வந்தவர்கள் செய்தித்தாளைச் சுற்றி நின்றிருந்தார்கள். தாளில் ஓர் ஓட்டக்காரியின் படம். "நம்ம திருச்சிப் பக்கத்துப் புள்ளைங்க! ஆசியாவையே ஜெயிச்சுப்போட்டு வந்திருக்குது!" என்று ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினார். அன்று அந்தக் கடையில் எல்லோருக்கும் அவர் கணக்கில்தான் தேநீர்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்தது. அதே கடை, அதே செய்தித்தாள், அதே படம். தலைப்பு மட்டும் வேறு. "அப்பவே எனக்குச் சந்தேகமுங்க" என்றார் ஒருவர். "அதெல்லாம் இல்லீங்க, ஏழைப் புள்ளைங்கிறதால சதி பண்ணிப்போட்டாங்க" என்றார் மற்றொருவர். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆனால், "எதை அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! அவர்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விகளைத்தான் இக்கட்டுரையில் நாம் கேட்கப் போகிறோம். ஊக்கமருந்துச் சோதனை என்பது இயற்பியலும் வேதியியலும் கைகோத்துச் செய்கிற வேலை. அதைப் புரிந்துகொண்டால், ஒரு வீரரைத் தலையில் தூக்கி வைப்பதற்கு முன்பும், கீழே போட்டு மிதிப்பதற்கு முன்பும் ஒரு கணம் நின்று யோசிக்கப் பழகிக்கொள்வோம்.

நடந்தது என்ன?

திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் கோமதி மாரிமுத்து. எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 2019 ஏப்ரல் 22-ஆம் நாள் கத்தார் நாட்டின் தோஹா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் முடித்தார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அதுவே. அவர் ஊர் திரும்பியபோது மாலைகள் குவிந்தன. அரசியல் கட்சிகளும் திரைக் கலைஞர்களும் பரிசுத் தொகைகளை அறிவித்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 18-ஆம் நாள், பஞ்சாபிலுள்ள பாட்டியாலா நகரில் நடந்த பெடரேஷன் கோப்பைப் போட்டியில் அவரிடமிருந்து சிறுநீர் மாதிரி ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. அதில் 'நான்ட்ரலோன்' என்னும் தடை செய்யப்பட்ட மருந்தின் தடயம் இருப்பதாக மே மாதத்தில் செய்தி வெளியாயிற்று. "நான் என் வாழ்நாளில் தடை செய்யப்பட்ட எதையும் உட்கொண்டதில்லை" என்ற கருத்தில் கோமதி மறுத்தார். இரண்டாம் குப்பியையும் சோதிக்கும்படி கேட்டார். அதுவும் முதல் குப்பி சொன்னதையே சொன்னது. 2020 ஜூன் மாதம் உலகத் தடகள நேர்மைப் பிரிவு அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் பெற்ற முடிவுகள் யாவும் நீக்கப்பட்டன. தோஹாவில் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யூ தங்கத்துக்கு உரியவரானார். தடைக்காலம் 2023 மே மாதத்தில் முடிந்தது.

இவை பதிவாகியுள்ள செய்திகள். இனி அந்தக் குப்பிகளுக்குள் எட்டிப் பார்ப்போம்.

ஒரு மாதிரி, இரண்டு குப்பிகள்

நம் திருப்பூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பனியன் துணியில் தடை செய்யப்பட்ட சாயம் கலந்திருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். துணியிலிருந்து ஒரு துண்டு சோதனைக்குப் போகும். அதே துணியின் இன்னொரு துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். பின்னால் தகராறு வந்தால், வைத்திருக்கும் துண்டைச் சோதித்துச் சரிபார்க்கலாம் அல்லவா?

வீரர்களின் மாதிரியும் இப்படித்தான். எடுத்த சிறுநீரை வீரரின் கண் முன்னாலேயே ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரிக்கிறார்கள். ஒருமுறை மூடினால், உடைக்காமல் திறக்க முடியாத குப்பிகள் அவை. குப்பியின்மேல் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு அது கோமதியுடையதா, வேறொருவருடையதா என்று தெரியாது. ஏழையா, பணக்காரரா, எந்த ஊர், எந்தச் சாதி என்பவையும் தெரியா. ஏ குப்பியில் தடயம் அகப்பட்டால், வீரர் பி குப்பியைச் சோதிக்கக் கேட்கலாம். அது திறக்கப்படும்போது தாமோ தம் பிரதிநிதியோ அருகில் நிற்கவும் உரிமை உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குற்றச்சாட்டு நிற்காது.

நான்ட்ரலோன் என்ன செய்கிறது?

நம் உடலில் 'டெஸ்டோஸ்டிரோன்' என்னும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. ஆண்களிடம் மிகுதியாகவும் பெண்களிடம் குறைவாகவும் இருக்கும். தசைகள் வளர்வதற்கு அது உதவுகிறது. நான்ட்ரலோன் அதன் நெருங்கிய உறவினர். இரண்டின் மூலக்கூறுகளையும் வரைந்து பார்த்தால், நான்ட்ரலோனில் ஒரே ஒரு கார்பன் அணு குறைந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மருத்துவர்கள் இதைச் சில நோய்களுக்குத் தருவதுண்டு. விளையாட்டில் இதைத் தவறாகப் பயன்படுத்தினால், கடும் பயிற்சியால் களைத்த தசைகள் விரைவில் தேறும். ஒரு நாளில் செய்யக்கூடிய பயிற்சியின் அளவு கூடும்.

இதற்கு உடல் கொடுக்கும் விலை சிறிதன்று. இதயமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். பெண்களுக்குக் குரல் தடித்துப் போகலாம். மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போவதுண்டு. வளரும் பருவத்துப் பிள்ளைகள் இத்தகைய மருந்துகளை எடுத்தால், எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். உயரம் அத்தோடு நின்றுவிடும்.

உடலுக்குள் நுழைந்த நான்ட்ரலோன் கல்லீரலில் சிதைந்து, '19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன்' என்ற பொருளாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆய்வுக்கூடம் தேடுவது இந்தப் பொருளைத்தான். எவ்வளவு இருந்தால் சந்தேகம் எழும் தெரியுமா? ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு நானோகிராம் அளவைத் தாண்டினாலே போதும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி ஒன்றில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 0.2 கிராம், அதாவது சிறு சிட்டிகை உப்பைக் கரைத்தால் வரும் செறிவுதான் இது. அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு, "இதில் உப்பு போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லக்கூடிய கருவி நம்மிடம் இருக்கிறது!

"அது இயற்கையாக வந்ததாக இருக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. இதே பொருள் மனித உடலில் மிகச் சிறிய அளவில் தானாகவும் உண்டாகிறது. கருவுற்ற பெண்களிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படும். சில உணவுப் பொருள்களிலிருந்தும் வரக்கூடும். அளவு மிக அதிகமாக இருந்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. அளவு குறைவாக இருந்து ஐயம் எழும்போது, மருந்தா இயற்கையா என்று பிரித்துச் சொல்ல வேறொரு சாட்சியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியின் பெயர் கார்பன்-13.

கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. பெரும்பாலானவை 12 அலகு நிறை கொண்டவை. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று மட்டும் 13 அலகு நிறை கொண்டது. வேதியியல் குணம் இரண்டுக்கும் ஒன்றே, எடைதான் வேறு. இவற்றை ஓரிடத்தான்கள் என்கிறோம்.

தாவரங்கள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உண்டு வளர்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நெல், கோதுமை, கடலை, சோயா போன்ற பயிர்கள், கனமான கார்பன்-13 உள்ள மூலக்கூறுகளைச் சற்று ஒதுக்கிவிடும். சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வேறொரு வழியில் கார்பனைப் பிடிப்பதால் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. அரிசியிலிருந்து ஒரு லட்சம் கார்பன் அணுக்களை எடுத்து எண்ணினால், அவற்றுள் கார்பன்-13 ஏறத்தாழ 1,076 இருக்கும். சோளத்தில் ஏறத்தாழ 1,092 இருக்கும். வித்தியாசம் பதினாறே அணுக்கள்.

இதற்கும் ஊக்கமருந்துக்கும் என்ன தொடர்பு? மருந்துத் தொழிற்சாலைகள் ஸ்டீராய்டுகளைப் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தயாரிக்கின்றன. ஆகவே மருந்திலுள்ள கார்பனில் 13 குறைவு. நம் உடம்போ பலவகை உணவின் கலப்பு. அரிசிச் சோறு உண்கிறோம்; கரும்புச் சர்க்கரை போட்ட காப்பி குடிக்கிறோம்; சோளத்தட்டு தின்ற எருமையின் பாலைக் குடிக்கிறோம். எனவே நம் உடம்பே செய்துகொள்ளும் ஸ்டீராய்டில் கார்பன்-13 சற்றுக் கூடுதலாக இருக்கும்.

உணவு ஆளுக்கு ஆள் மாறுமே என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் ஒருவரின் அளவை மற்றொருவரின் அளவோடு ஒப்பிடுவதில்லை. அதே குப்பியில், அதே ஆளின் உடம்பு தானாகச் செய்த வேறு ஸ்டீராய்டு ஒன்றும் இருக்கும். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். சந்தேகத்துக்குரிய பொருளின் கார்பன்-13 விகிதம் அந்த அளவுகோலிலிருந்து ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் விலகியிருந்தால், அது வெளியிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதாவது லட்சம் அணுக்களில் மூன்று நான்கு அணுக்களின் வித்தியாசம்! அரிசியும் கடலையும் மட்டுமே உண்ணும் ஒருவரின் உடம்புக் கார்பன், மருந்தின் கார்பனுக்கு நெருங்கி இருக்கும். அப்போது மருந்து எடுத்தவர் சோதனையில் தப்பிவிடவும் கூடும். ஆனால் எடுக்காதவரை இது மாட்டி வைப்பது அரிது. சோதனையை அமைத்தவர்கள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

களத்தில் தூற்றுவதுபோல

இவ்வளவு சிறிய எடை வித்தியாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? இதற்கு நம் முன்னோர் களத்தில் கையாண்ட தத்துவமே போதும். ஆடிக் காற்றில் நெல்லைத் தூற்றும்போது என்ன நடக்கிறது? கனமான மணி காலடியில் விழுகிறது. இலேசான பதர் காற்றால் வெகுவாகத் தள்ளப்பட்டு அப்பால் போய் விழுகிறது. காற்றின் வேகம் ஒன்றுதான். எடை வேறாதலால் பாதையும் வேறாகிறது.

'நிறை நிறமாலைமானி' என்னும் கருவியில் காற்றுக்குப் பதிலாகக் காந்தப் புலம் இருக்கிறது. முதலில், தேடும் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுத்து எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறார்கள். பிறகு அந்த மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, ஒரே ஆற்றலோடு காந்தப் புலத்துக்குள் செலுத்துகிறார்கள். மின்னூட்டம் உள்ள துகள் காந்தப் புலத்தில் வட்டப் பாதையில் வளையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கார்பன்-12 உள்ள மூலக்கூறின் நிறை 44. கார்பன்-13 உள்ளதன் நிறை 45. ஆற்றல் சமமாக இருக்கும்போது, வட்டத்தின் ஆரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 44-க்கு ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், 45-க்கு ஏறத்தாழ 10.11 சென்டிமீட்டர் வரும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி கிடைத்துவிட்டது! இரண்டு பாதைகளின் முடிவிலும் ஆளுக்கொரு பெட்டி வைத்து, வந்து சேரும் மின்னோட்டத்தை அளந்தால், இலேசானது எவ்வளவு, கனமானது எவ்வளவு என்று தெரிந்துவிடும். தூற்றிய நெல்லையும் பதரையும் தனித்தனியே அளப்பது போன்றதுதான்.

கருவி சொல்லாதவை

இவ்வளவு நுட்பமான கருவிக்கும் சில எல்லைகள் உண்டு. 'இந்தப் பொருள் இந்த உடம்பில் இருந்தது' என்று மட்டுமே அது சொல்லும். எப்படி உள்ளே போனது, தெரிந்து போனதா தெரியாமல் போனதா, யார் கொடுத்தார்கள் என்பவற்றை அது சொல்லாது. மருந்தாக ஊசியில் ஏறியதா, சத்துமாவு என்று நம்பி வாங்கிய டப்பாவில் கலந்திருந்ததா என்பதும் தெரியாது.

ஆகவே விளையாட்டு உலகம் ஒரு கடுமையான விதியை வைத்திருக்கிறது: தம் உடம்பில் காணப்படும் எதற்கும் வீரரே பொறுப்பு. தம் கவனக்குறைவோ நோக்கமோ அதில் இல்லை என்று அவர் மெய்ப்பித்தால் தண்டனை குறையலாம். மெய்ப்பிக்கும் சுமை அவர்மேல்தான். வழக்கறிஞரும் நிபுணரும் வைத்துக்கொள்ள வசதி இல்லாத வீரருக்கு இது பெரும் சுமை என்பதில் ஐயமில்லை.

ஆய்வுக்கூடமும் தவறு செய்யாத தெய்வம் அன்று. டில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனைக்கூடத்தின் அங்கீகாரத்தை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2019 ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது. நாம் மேலே பார்த்த கார்பன் விகித அளவீட்டிலேயே குறைகள் இருப்பதாக அப்போது கூறப்பட்டது. குறைகள் களையப்பட்டபின் 2021 டிசம்பரில்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இதனால் அதற்கு முன் வந்த முடிவுகள் எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. சோதிப்பவரையும் சோதிக்க ஒருவர் வேண்டும், அப்படி ஒருவர் இருக்கவும் செய்கிறார் என்பதே இதன் பொருள்.

மணிப்பூரின் பளு தூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானுவின் கதையையும் கேளுங்கள். 2018-இல் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற சில வாரங்களில், அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மாதிரியைக் காட்டி அவரை நிறுத்தி வைத்தார்கள். அறிவிப்புக் கடிதத்தில் மாதிரியின் எண்ணே முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. ஆய்வுக்கூடம் விதிமுறைப்படி நடக்கவில்லை என்று தெரிந்ததும், 2020 ஜூனில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பிறகு 2022-இல் எடுத்த வேறொரு மாதிரியில் வேறொரு மருந்து அகப்பட்டு, 2023-இல் நான்கு ஆண்டுத் தடை பெற்றார். முதலாவதில் விடுபட்டதால் இரண்டாவது பொய்யாகவில்லை; இரண்டாவது வந்ததால் முதலாவது மெய்யாகவும் இல்லை. ஒவ்வொரு குப்பியையும் அதனதன் சான்றைக் கொண்டே தீர்க்க வேண்டும்.

சிக்காத சைக்கிள் வீரர்

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கை உங்கள் அண்ணன்மார் அறிந்திருப்பார்கள். 1996-இல் புற்றுநோய் கண்டு, பிழைப்பதே அரிது என்ற நிலையிலிருந்து மீண்டவர். பிரான்ஸ் நாட்டைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் போட்டியில், 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றார். அவருடைய அறக்கட்டளையின் மஞ்சள் ரப்பர் வளையங்களை உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் கையில் அணிந்தார்கள்.

"எத்தனையோ சோதனை செய்தார்கள், நான் அகப்படவில்லையே!" என்பதுதான் அவருடைய வாதம். மக்களும் அதை நம்பினார்கள். உண்மை என்ன? அவர் பயன்படுத்தியவற்றுள் முக்கியமானது 'எரித்ரோபாய்ட்டின்'. இது சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன், சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சிவப்பணு பெருகினால் தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் போய்ச் சேரும். இரத்தம் கெட்டியாகி உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு. அவர் முதலில் வென்ற 1999-இல், இந்த மருந்தைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் முறையே நடைமுறையில் இல்லை! 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின்போதுதான் அது வந்தது. வலையின் கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் சிக்காது. அதனால் குளத்தில் சின்ன மீனே இல்லை என்று சொல்லலாமா?

முடிவில் அவரைக் காட்டிக் கொடுத்தவர்கள் மனிதர்கள். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட சான்றுகளை வெளியிட்டது. 26 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்களுள் 15 பேர் சைக்கிள் வீரர்கள். ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார். அவருடைய அணிக்குப் பணம் கொடுத்த அமெரிக்க அஞ்சல் துறையின் சார்பில் அரசு தொடர்ந்த வழக்கு, 2018 ஏப்ரலில் அவர் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு முடிந்தது.

நாம் கவனிக்க வேண்டியது மக்களின் நடத்தையை. அவர்மேல் ஐயம் எழுப்பிய பத்திரிகையாளர்களையும் பழைய நண்பர்களையும் பல ஆண்டுகள் பொறாமைக்காரர்கள் என்றார்கள். ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாள் அவர் தொடர்ந்த அவதூறு வழக்கில் 2006-இல் பணம் கொடுத்துத் தப்ப வேண்டியதாயிற்று. அவர் ஒப்புக்கொண்டதும், கூட்டம் ஒரே நாளில் மறுபக்கம் சாய்ந்தது. மஞ்சள் வளையத்தைக் கழற்றி எறிந்தவர்கள் பலர். அந்த அறக்கட்டளையால் உதவி பெற்ற நோயாளிகளோ எதை நம்புவது, எதை விடுவது என்று தவித்தார்கள். அவர் வஞ்சித்ததும் உண்மை. அவர்கள் பெற்ற உதவியும் உண்மை.

நாம் என்ன செய்யலாம்?

மீண்டும் தேநீர்க் கடைக்கு வருவோம். "அப்பவே சந்தேகம்" என்றவரிடமும் அளவு எதுவும் இல்லை. "சதி" என்றவரிடமும் இல்லை. இருவரும் தம் மனத்தில் இருந்ததைத்தான் பேசினார்கள். தேநீர் வாங்கிக் கொடுத்தவர் மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அவருடைய மகளும் பள்ளியில் ஓடுகிறவள்.

இன்னொருவரையும் அந்தக் கடையில் எவரும் நினைக்கவில்லை. தோஹாவில் இரண்டாவதாக வந்த பெண்ணை. வென்றவள் அவளே என்றால், வெற்றி மேடையின் உச்சியில் நின்று தன் நாட்டுப் பண்ணைக் கேட்டிருக்க வேண்டிய நாள் அது. பதக்கத்தைப் பின்னால் கொடுத்துவிடலாம். அந்த நாளை யாரால் கொடுக்க முடியும்? ஊக்கமருந்துச் சட்டம் கடுமையாக இருப்பது அவளைப் போன்றவர்களுக்காக. அதே காரணத்தால், சோதனை பழுதற்றதாக இருக்க வேண்டியது கோமதியைப் போன்றவர்களுக்காக. இரண்டையும் ஒருசேரக் கேட்பவனே நியாயமானவன்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, எந்தப் பொருளை, எந்த முறையில், எவ்வளவு என்று அளந்தார்கள்? இரண்டு, பி குப்பி என்ன சொன்னது? ஆய்வுக்கூடம் முறைப்படி நடந்ததா? மூன்று, வீரர் என்ன சொல்கிறார், விசாரணை முடிந்துவிட்டதா? விடை வரும்வரை, "தெரியவில்லை" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அறிவியலில் அது மரியாதையான விடை.

உங்களில் சிலர் மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் ஓடுகிறவர்கள். சிலர் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள். அங்கே ஒருவர், "இதைச் சாப்பிடு தம்பி, ஒரே மாதத்தில் உடம்பு ஏறும்" என்று ஒரு டப்பாவையோ மாத்திரையையோ நீட்டக்கூடும். 2022-ஆம் ஆண்டு இந்திய வீரர்களிடம் எடுத்த 3,865 மாதிரிகளில் 125-இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. அவர்களுள் எத்தனை பேர் தெரிந்தே எடுத்தார்கள், எத்தனை பேர் யாரோ கொடுத்ததை நம்பி விழுங்கினார்கள் என்பதைக் குப்பி சொல்லாது. ஆகவே, மருத்துவர் எழுதித் தராத எதையும் வாயில் போடாதீர்கள்; எழுதித் தந்தாலும், "நான் போட்டியில் கலந்துகொள்கிறவன்" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தத் தேநீர்க் கடைக்காரரின் மகன் பத்தாம் வகுப்பு மாணவன். கார்பன்-13 கதையைக் கேட்டபின் அவன் என்னிடம் கேட்டான்: "சார், கம்மங்கூழ் குடிக்கிறவருக்கும் அரிசிச் சோறு சாப்பிடுகிறவருக்கும் தலைமுடியில்கூட வித்தியாசம் தெரியுமா?" தெரியும். முடியும் நாம் உண்ட உணவிலிருந்துதான் வளர்கிறது. எப்படி அளப்பது என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும் அல்லவா?